எள்ளின் மேல் விழுந்த சொல்

மேற்கு மலையில் ஒரு இடைவெளி இருக்கிறது, ஆடி பிறந்தால் அந்த இடைவெளி வழியாகத்தான் காற்று இறங்கும், இறங்கி வந்து முதலில் கதவைத் தட்டுகிற ஊர் எங்கள் மேலச்சந்தை. அதனால் ஓட்டின் மேல் கல் தூக்கி வைப்பதும், காயப்போட்ட வேட்டியைப் பக்கத்து ஊரில் போய்த் தேடுவதும், வாயில் மண் விழுகிறதே என்று பேச்சைப் பாதியில் விழுங்குவதும் எங்களுக்குப் பழகிப்போன சங்கதிகள். ஆனால் சந்தை வாசல் எள்ளுக்காரி மகள் கோமு பெரியவளான அந்த வருஷத்து ஆடியில் காற்று புதிதாக ஒரு வேலை செய்தது. சந்தையில் சனங்கள் பேசுகிற பேச்சை வாயிலிருந்து பிடுங்கிக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டுபோய், கண்ட சாக்கிலும் கூடையிலும் பானையிலும் போட்டுவிட்டுப் போனது. போட்ட இடத்தில் பேச்சு ஒட்டிக்கொண்டது. எந்தப் பண்டத்தின் மேல் என்ன சொல் விழுந்ததோ, அந்தப் பண்டம் அதற்கப்புறம் அந்தச் சொல்லாகவே ருசித்தது.

முதலில் தெரிந்தது ரேஷன் கடையில்தான். வரிசையில் நின்ற ஒருத்தர் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, இது பிளாஸ்டிக் அரிசியாம்லா என்று சொல்லி வைத்தார். அன்றைக்கு அரிசி வாங்கின வீடுகளில் எல்லாம் உலை கொதிக்கும்போது பானைக்குள் பாசிமணி உருள்கிற சத்தம் கேட்டது, சோறு பல்லில் கிறீச்சிட்டது, பிள்ளைகள் கவளத்தை உருட்டிச் சுவரில் எறிந்து திரும்பி வருகிறதைப் பிடித்து விளையாடின. யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. காற்று இந்த வருஷம் இப்படி என்று சொல்லிக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார்கள். அவர் மேலே எழுதிப் போட்டிருக்கிறேன் என்றார்.

அப்புறம் டீக்கடைச் சீனியின் மேல் வெள்ளை விஷம் என்ற சொல் விழுந்து, டீ குடித்தவர்களுக்கெல்லாம் நாக்கு நீலம் பாரித்தது. நீலநாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டே இரண்டாவது டீயும் வாங்கிக் குடித்தார்கள். புரோட்டாக் கடை மைதாவின் மேல் யாரோ பசை என்று சொல்லிவிட்டதில் ஒரு மாப்பிள்ளை வாய் திறக்க முடியாமல் மாமனார் வீட்டில் உட்கார்ந்திருந்தார், அவரை அந்த வீட்டில் மிகவும் அடக்கமான பிள்ளை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் பார்த்தால், பண்ணைக் கோழி முட்டையின் மேல் வாய் தவறி விழுந்த நாட்டு என்ற ஒரு சொல்லுக்கு, ஓட்டுக்குள்ளேயே மஞ்சள் கரு சிவந்து திரண்டது. வியாபாரிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஊர் தன்னைச் சரிபண்ணிக்கொண்டது. ஓட்டல்களில், சாப்பிடும்போது சாப்பாட்டைத் தவிர எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று எழுதி மாட்டினார்கள். பெண்கள் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு தாளித்தார்கள். மாமியாரும் மருமகளும் அடுப்படிக்குள் மட்டும் சண்டை இல்லை என்று சமாதானமாகி, சண்டைக்கு மாட்டுத்தொழுவத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். கல்யாண வீட்டில் சமையல்காரர்களோடு ஒரு ஆளைக் கூடவே நிறுத்தி, அண்டாவுக்கு அண்டா பிரமாதம் பிரமாதம் என்று சொல்லச் சொன்னார்கள். எதிர்க்கடைச் சாம்பாரைப் பார்த்துப் பல்லி என்று முணுமுணுத்துவிட்டு ஓடினவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, என்ன கேஸ் போடுவது என்று தெரியாமல் சாயங்காலம் விட்டுவிட்டது. யாரும் வாய்விட்டுப் பேசவில்லை, ஆனால் யார் என்ன சொல்கிறார்கள் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தது. படுத்தால் உறக்கம் பிடிக்காமல் புரண்டார்கள். எழுந்துபோய் அரிசிப்பானையை முகர்ந்து பார்த்துவிட்டு வந்து படுத்தார்கள்.

இந்தக் காற்று வீச ஆரம்பித்த நாலைந்து நாளுக்குள்தான் ஆவுடையப்பன் அந்தச் சொல்லைச் சொன்னது.

ஆவுடையப்பன் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிறவன். அவன் வாய்க்கு ஒரு மகிமை உண்டு. வாடிப்போன கத்தரிக்காயைக் காட்டி, இப்பதான் பனித்துளி துடச்சுக் கொண்டாந்தது என்பான், வாங்குகிறவன் கை தன்னால் ஈரமாகும். காற்று இப்படி மாறுவதற்கு முந்தியே அப்படி. அவனுக்கு ஒரு அக்கா, சொர்ணத்தாய். எள்ளை வறுத்துக் கருப்பட்டி சேர்த்து இடித்து உருட்டி, சந்தை வாசலில் கூடை வைத்து விற்பாள். அவள் புருஷன் குருசாமி லாரி ஓட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போனால் வாரத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவான். வீட்டை ஓட்டியது எள்ளுருண்டைதான். அப்பன் இறந்தபோது ஆவுடை சின்னப் பையன் இல்லை, ஏலத்தில் பேர் வாங்கின ஆள்; ஆனாலும் பதினாறாம் நாள் காரியத்தன்று விடிகாலையில் தக்காளி லோடு வந்துவிட்டது என்று ஏலத்துக்குப் போனவன் ஆற்றங்கரைக்கு வரும்போது எள்ளும் தண்ணீரும் இறைத்து முடிந்திருந்தது. வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை அவன், அவன் கை படாமலே இலை ஆற்றோடு போய்விட்டது. சொர்ணத்தாய் நனைந்த சேலையோடு நின்று, அத்தனை சொந்தக்காரர்களுக்கு முன்னால், ஒனக்கு ஏலந்தான் அப்பன் என்றாள்.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒரே சந்தையில் அவன் உள்ளே, அவள் வாசலில்.

அந்த ஆடியில் ஒரு நாள் ஏலம் மந்தமாக இருந்தது. தரகர் ஒருத்தர், ஒங்கக்கா கூடைய சுத்தி நிக்கிற கூட்டம்கூட ஒம்ம ஏலத்துக்கு இல்லையே என்று கிண்டல் பண்ணியிருக்கிறார். ஆவுடைக்கு உறைத்துவிட்டது. ஏலத்துக்கு எடுக்கிற அதே குரலில், சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்: "எள்ளு விக்கிற வீட்டுல எழவு விலகாது வேய்."

நேரம் பார்த்து வந்தது காற்று. சொல்லை அவன் உதட்டிலிருந்து உருவியது, தக்காளிப் பெட்டிகளுக்கு மேலாகக் கொண்டுபோனது, வாசலில் இருந்த கூடைக்குள் போட்டது. சொர்ணத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். கூடையைச் சுற்றி நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயில் போட்டதைத் துப்பினார்கள். கூடையிலிருந்து ஆற்றங்கரை வாசம் வந்தது: ஈரத் தர்ப்பை, தண்ணீர் ஊற்றி அணைத்த விறகு, பிழியாமல் தோளில் போட்ட வேட்டி.

எள் எதற்கெல்லாம் ஆகும் என்று எங்கள் சனத்துக்குத் தெரியாததா. செத்தவர்களுக்கு இறைப்பதும் எள்தான், சமைந்த பிள்ளைக்கு இடுப்பு வலுக்கக் களியில் ஊற்றுவதும் அந்த எள் ஆட்டின எண்ணெய்தான். காலையில் ஆற்றில் இறைத்த கையோடு வந்து மத்தியானம் எள்ளுத்துவையல் பிசைந்து தின்றவர்கள்தான் எல்லாரும். அன்றைக்கு வரைக்கும் யாரும் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்ததில்லை. ஆவுடை வைத்துவிட்டான்.

அவன் சொன்னது ஒரு தடவைதான். ஆனால் அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாம், இந்தக் கூடையத்தான சொன்னான் எழவு எள்ளுன்னு, என்று கேட்டுக்கொண்டே போனார்கள். பரிதாபப்பட்டவர்களும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் பரிதாபப்பட்டார்கள். சொர்ணத்தாய் எள்ளை வாய்க்காலில் ஏழு தண்ணீர் கழுவினாள், கூடையை மாற்றினாள், வேறு ஊர் எள் வாங்கிவந்தாள், ஏலக்காய் தட்டிப்போட்டு வறுத்தாள். எந்த எள்ளும் அவள் வாசற்படி ஏறினதும் ஆற்றங்கரையாக மணத்தது. எப்படி மணக்காமல் இருக்கும், தெரு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தால்?

தம்பிகிட்டயே போயி ஒரு நல்ல சொல் சொல்லச் சொல்லேன் தாயீ என்று புத்தி சொல்லாத ஆள் இல்லை. ஏனென்றால் அதற்குள் ஆவுடையின் வாய்தான் ஊரிலேயே விலை கூடின சரக்காகியிருந்தது. ஏலத்தை விட்டுவிட்டான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடை கடையாகப் போய், சாக்கைத் திறக்கச் சொல்லிக் குனிந்து, நாட்டுப் பருப்பு, நாட்டு மல்லி, நாட்டுச் சர்க்கரை என்று ஓதிவிட்டு வந்தான். பேக்கரிக்காரர் ஒருத்தர் நாட்டு கேக் என்று சொல்லவைத்தார், அதிலும் கம்பு வாசம் வரத்தான் செய்தது. நாட்டு பினாயில் என்று சொல்லச் சொல்லிக்கூட ஒரு ஆள் வந்து நின்றார் என்கிறார்கள், அது எவ்வளவு தூரம் மெய்யென்று தெரியாது.

சொர்ணத்தாய் போகவில்லை. அவன் வாயால ஒரு சொல் வாங்கித்தான் நான் பிழைக்கணும்னா இந்தக் கூடை கவுந்தே கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். கூடையும் கவிழ்ந்தே கிடந்தது.

இந்த நிலைமையில்தான் கோமு சமைந்தாள். கோமு சொர்ணத்தாயின் ஒரே மகள், அம்மாவைப்போலவே வெடுக்கென்று பேசுகிற பிள்ளை. சமைந்த பிள்ளைக்கென்று ஓலையால் கட்டின குச்சிலுக்குள் உட்காரவைத்து, விடிந்ததும் உளுந்தங்களியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள் அம்மா. பிள்ளை ஒரு வாய் எடுத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டது. தெருவில் பிள்ளைகள் எள்ளுக்காரி மக என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு இப்போது வேறு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னது. என்ன பேர் என்று அம்மா கேட்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது, மகளுடைய பிடரிக்குக் கீழே, முடி முளைக்கிற இடத்தில், மெலிசாக அந்த வாசம் வந்தது. ஈரத் தர்ப்பை வாசம். சொர்ணத்தாயின் கை அப்படியே நின்றது. பண்டத்தில் ஒட்டின சொல் பிள்ளை மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. எள்ளைக் கொட்டிவிடலாம், கூடையை எரிக்கலாம், பிள்ளையை என்ன செய்ய?

ஆவணி பிறந்தது, காற்று நிற்கவில்லை. சடங்குக்கு நாள் குறித்தார்கள். சொர்ணத்தாயின் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. தலைக்குத் தண்ணீர் ஊற்றி மனையில் உட்காரவைத்த பிள்ளைக்கு, தாய்மாமன் எள்ளும் கருப்பட்டியும் ஒரு பிடி ஊட்டவேண்டும். ஊட்டுவதற்கு முந்தி, அவன் அதில் ஒரு வாய் தான் தின்று காட்டவேண்டும். மாமன் தின்றதைத்தான் பிள்ளை தின்னும், பிள்ளை தின்றதைத்தான் பந்தி தின்னும். அது நடக்கவில்லை என்றால் வந்த சனம் கை நனைக்காமல் எழுந்துபோய்விடும்.

குடும்பத்தில் மூத்தவள் வேலம்மா பெரியம்மை முந்தின நாளே வந்துவிட்டாள். அடுக்களையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, எள்ளுக்குப் பதிலாப் பொரிகடலைய வச்சு ஒப்பேத்திருவோம்ட்டி, யாரு கேக்கப் போறா, என்றாள்.

"இன்னைக்கு எள்ள ஒளிச்சு வச்சா, நாளைக்கு எம்பிள்ளைய ஒளிச்சு வைக்கச் சொல்லுவீக பெரியம்ம," என்றாள் சொர்ணத்தாய்.

சொர்ணத்தாய் உரலைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டு, போய் ஆவுடையைக் கூப்பிட்டு வாரும் என்றாள். குருசாமி மலைப்பாதையில் லாரி ஓட்டுகிற மனுஷன், எதற்கும் பதறமாட்டான். நல்ல சொல் சொல்லுன்னு கேக்கவா என்றான். ஒன்றும் கேட்கவேண்டாம், மாமன் மொறை இருக்கு வரச் சொல்லும், அம்புட்டுத்தான், என்றாள்.

ஆவுடை வந்தான். தட்டுத் தட்டாகச் சீர், பட்டுப்பாவாடை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு. அக்கா முகத்தை அவன் பார்க்கவில்லை, அக்காவும் அவனைப் பார்க்கவில்லை, நடுவில் பிள்ளை ஈரத்தலையோடு மனையில் உட்கார்ந்திருந்தது. பித்தளைத் தாம்பாளத்தில் எள்ளும் கருப்பட்டியும் வந்தது. ஆற்றங்கரை வாசம் பந்தலைச் சுற்றி வந்தது. பின்வரிசையில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாரும் எதிர்பார்த்தது ஒன்றுதான், ஊரே கைகட்டி வாங்குகிற வாய், ஒரு சொல் போட்டால் சரியாகிவிடும். ஆவுடைக்கும் அந்த எண்ணந்தான் இருந்திருக்கவேண்டும். கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, தாம்பாளத்தின் மேல் குனிந்து ஏலக்குரலை எடுத்தான். நாட்டு எள்ளு. நயம் எள்ளு. மகாலட்சுமி எள்ளு.

சொல் வாயிலிருந்து வந்தது. காற்று எட்டிப் பார்த்துவிட்டு எடுக்காமல் போனது. சொன்ன சொல்லெல்லாம் அவன் காலடியிலேயே உமி உமியாகக் கொட்டியது. எங்கள் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தது. இன்னும் பலமாகச் சொன்னான், இன்னும் கொஞ்சம் உமி. பந்தலுக்குள் நுழைந்த ஒரு கோழி ஓடிவந்து, அதைக் கொத்திப் பார்த்து, தலையை உதறிவிட்டுப் போனது. யாரோ சிரித்தார்கள். கடைக்குக் கடை விற்றுத் தீர்ந்த சொல், உள்ளே பருப்பு இல்லை. அவன் நிறுத்திவிட்டான். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. செருப்புக் கிடைத்தவர்கள் எழுந்துவிட்டார்கள். சொர்ணத்தாய் மகளின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கோமு, தலை நிமிராமல், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "சொல்ல வேண்டாம் மாமா. தின்னுங்க."

அந்தப் பதினாறாம் நாளுக்கு அப்புறம் ஆவுடை எள்ளைக் கையால் தொட்டதில்லை, அது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தாம்பாளத்தில் விரல் வைத்ததும் அவனுக்கு ஆற்றங்கரை வந்துவிட்டது. வழுக்குகிற படி, வெறும் கையோடு நிற்கிற தான், தள்ளிப் போகிற இலை. விரல் பின்னால் வரப்பார்த்தது. பிள்ளை அவனையே பார்த்தது. ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். எங்கள் ஊரில் ஒரு மனுஷன் மெல்லுவதை அத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, அதைத் துடைக்காமல் மெல்லுகிறான், தாடை நிற்கவில்லை, நாலு வாய் அளவுக்கு மென்று முழுங்கினான்.

வேலம்மா பெரியம்மைக்குப் பொறுக்கவில்லை. என்னல, எப்படி இருக்கு, சொல்லித் தொலையேன், என்றாள். காற்று பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"எள்ளு மாதிரி இருக்கு," என்றான் ஆவுடை.

அந்தக் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அதில் ஏலமும் இல்லை, விலையும் இல்லை, தம்பி அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிற குரல். சொல் உமியாகக் கொட்டவில்லை. அதே தாம்பாளத்திலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிள்ளை வாயில் வைத்தான். கோமு மென்றாள், ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள்.

"கருப்பட்டி கூடிப்போச்சு," என்றாள்.

"போ ட்டி," என்றாள் சொர்ணத்தாய், அழுகிற குரலிலேயே. "கை அளவு எனக்குத் தெரியாதாக்கும்."

கூடித்தான் போச்சு என்றான் ஆவுடை. கூடலை என்றான் குருசாமி, வாயில் போடாமலே பெண்டாட்டி பக்கம் பேசினான். எங்க கொண்டா என்று வேலம்மா பெரியம்மை ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்து, கூடவும் இல்ல கொறையவும் இல்ல, இடிச்சது பத்தல என்றாள். செருப்பைப் போட்டவர்கள் கழற்றிவிட்டு வந்தார்கள். வாய்க்கு வாய் ஒரு தீர்ப்பு. பழைய கருப்பட்டி என்றார்கள், வறுபடவில்லை என்றார்கள், சுக்கு தட்டிப் போட்டிருக்கலாம் என்றார்கள். அத்தனை பேச்சும் காற்றில் ஏறி அந்தத் தாம்பாளத்திலேயே விழுந்தது. அந்த நெரிசலில் பழைய சொல் எந்த நேரத்தில் உதிர்ந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. சொர்ணத்தாய் மட்டும், பூ வைத்துவிடுகிற சாக்கில் மகளின் பிடரியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். சீயக்காய் வாசம் வந்தது.

பந்தி முடிந்து எல்லாரும் போகும்போது, தாம்பாளத்தில் மிஞ்சின எள்ளை வாழையிலைச் சருகில் கட்டித் தம்பி கையில் கொடுத்தாள் அக்கா. இத எங்க கொண்டுபோகணும்னு நான் சொல்லவேண்டாம்ல என்றாள். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவள் அவனிடம் பேசின முதல் பேச்சு அது. அவன் தலையை ஆட்டினான். மறுநாள் காலையில் ஆற்றங்கரைப் படியில் எள் சிந்திக் கிடந்ததையும், சின்ன மீன்கள் கூட்டமாக வந்து கொத்தினதையும், ஈர வேட்டியோடு ஆவுடை படியேறிப் போனதையும் குளிக்கப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். பிள்ளை வாயில் வைத்த அதே எள்.

அவன் மறுபடி ஏலத்துக்கு வந்துவிட்டான். கத்தரிக்காய், வெண்டைக்காய் என்று பேரை மட்டும் கூறுகிறான். முன்னைப்போல ரசிப்பு இல்லை என்று தரகர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள்.

காற்று புரட்டாசியில் அடங்கியது, ஆனால் அடுத்த ஆடி வரும், அது எங்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் என்று சொன்ன வாய் வேறு ஒரு சொல்லை மென்றுகொண்டுதான் இருக்கிறது. ஊரில் பழைய மாதிரி யாரும் பேசிவிடுவதில்லை. உப்பு கேட்கப் போகிறவன்கூடக் கடை வாசலில் நின்று, ஒரு தடவை மலைப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறான்.

கோமு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சந்தை வாசலில் கொஞ்ச நேரம் கூடைக்குக் காவல் இருப்பாள். கூடையில என்னட்டி என்று யாராவது கேட்டால், சட்டென்று இரண்டு கையையும் கூடையின் மேல் குடை மாதிரி கவிழ்த்துக்கொள்வாள். கேட்டவரின் வாயைப் பார்ப்பாள். அவர் வேறு எதுவும் சொல்வதற்கு முந்தி, தானே குனிந்து, கை இடுக்கு வழியாக உள்ளே பார்த்து, எள்ளுருண்டை என்பாள். அந்தச் சொல் கூடையின் அடிவரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கையை எடுப்பாள்.